பொருள் எங்கள் வீட்டில், சாவி அவர்கள் சர்வரில்: ஐரோப்பிய ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையத்தின் ஆணையர்களுக்கும், அங்கே நுகர்வோர் சட்டங்களை வரைவு செய்யும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்திலிருந்து எழுதுகிறேன். மின்னணுப் பொருள்கள் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தீராத ஆசை. புதிதாக ஏதாவது வந்தால் வாங்கிப் பார்ப்பேன், பழையது கெட்டால் பிரித்துப் பார்ப்பேன். சனிக்கிழமைகளில் தன்னார்வலர்கள் கூடிப் பொருள்களைப் பழுதுபார்க்கும் எங்கள் பகுதி ரிப்பேர் கஃபேயில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் டோஸ்டர், மேசை விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் சரிசெய்து கொடுக்கிறேன். 2009ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய இந்த ரிப்பேர் கஃபே பழக்கம் இன்று ஐரோப்பா முழுக்கப் பரவியிருக்கிறது. அந்த மேசையில் நான் பார்ப்பதை வைத்துத்தான் இந்த மடல்: நிறுவனம் தன் சர்வரை (இணையம் வழியாகப் பொருளை இயக்கும் அதன் கணினியை) நிறுத்தினாலும் நாங்கள் வாங்கிய பொருள் ஓட வேண்டும் என்று கேட்கத்தான்.

முதலில் நன்றி. சார்ஜர் விஷயத்தில் நீங்கள் செய்தது பெரிய காரியம். 2009ல் கைபேசி நிறுவனங்களோடு செய்துகொண்டது வெறும் விருப்ப ஒப்பந்தம். மைக்ரோ யூஎஸ்பிக்குப் பல நிறுவனங்கள் வந்தன. அடாப்டர் கொடுத்தால் போதும் என்ற சந்தில் சிலர் நழுவிக்கொண்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்துவிட்டு 2022ல் சட்டமாகவே போட்டீர்கள். டிசம்பர் 28, 2024 முதல் கைபேசி, டேப்லெட், கேமரா, ஹெட்போன் எல்லாவற்றுக்கும் யூஎஸ்பி-சி. மடிக்கணினிகளுக்கு ஏப்ரல் 28, 2026 முதல். சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே, செப்டம்பர் 2023ல், ஆப்பிள் ஐபோன் 15ஐ அதே போர்ட்டோடு உலகம் முழுக்க விற்றது. ஸ்ரீபெரும்புதூரில் தயாரான ஐபோன்களுக்கும் அதே போர்ட்தான். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் என் வீட்டுக்குள் நுழைந்ததும் "உன்கிட்ட எந்த சார்ஜர் இருக்கு?" என்று கேட்பது நின்றே போய்விட்டது. பிரஸ்ஸல்ஸில் எழுதிய ஒரு பத்தி சென்னையில் ஒரு வீட்டின் மேசை டிராயரைக் காலிசெய்கிறது என்றால், அந்தப் பத்திக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் ஜூன் 20, 2025 முதல் கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் வந்த விதிகள். விற்பனையை நிறுத்திய பிறகும் 7 ஆண்டுகளுக்கு உதிரிபாகம். 800 முறை சார்ஜ் ஏற்றிய பின்னும் பேட்டரியில் 80 சதவீதம் திறன். பெட்டியின் மேலேயே பழுதுபார்ப்பது எளிதா கடினமா என்று சொல்லும் எழுத்து. பிப்ரவரி 18, 2027 முதல் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி பொருள்களை வடிவமைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஹீட் கன் வைத்துப் பசையை இளக்கி, கண்ணாடி கீறிவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு போனைத் திறக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

ஆனால் எங்கள் மேசைக்கு வரும் கோளாறு இப்போது இடம் மாறிவிட்டது. முன்பு ஃப்யூஸ் போயிருக்கும், கெப்பாசிட்டர் உப்பியிருக்கும், வயர் அறுந்திருக்கும். இப்போது பொருளில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. எங்கோ ஒரு சர்வரை நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்கிறேன். தென் அமெரிக்காவின் சூரினாமில் பிறந்து இங்கே வந்து முதுமை அடைந்த ஒரு பெரியவர் தன் வைஃபை ரேடியோவைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். அந்நாட்டுத் தலைநகர் பரமாரிபோவின் வானொலியைச் சமையலறையில் காலையிலிருந்து ஓடவிடுவது அவர் வழக்கம். ஒருநாள் எந்த நிலையமும் வரவில்லை. பிளக்கில் செருகினேன், திரை எரிந்தது. வைஃபையில் இணைந்தது. என் போனிலிருந்து ஒரு வயரைப் பின்பக்கத்தில் செருகிப் பாட்டு போட்டேன்; ஸ்பீக்கர் கணீரென்று பாடியது. நிலையத்தின் பட்டனை அழுத்தினால் மட்டும் "இணைக்கிறது" என்று கொஞ்ச நேரம் காட்டிவிட்டுக் கைவிரித்தது. காரணம் இதுதான். அந்த ரேடியோவுக்குள் எந்த நிலையத்தின் முகவரியும் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரு நிறுவனத்தின் சர்வரிடம் பட்டியல் கேட்டு, அது கொடுக்கும் முகவரிக்குத்தான் போகும். சேவையை நிறுத்தியதும் பட்டியல் வருவது நின்றுவிட்டது. பரமாரிபோ நிலையம் தன் பாட்டுக்கு ஒலிபரப்பிக்கொண்டுதான் இருந்தது. அதே நிலையம் என் போனில் உடனே கேட்டது.

"அப்படியானால் ரேடியோ கெட்டுப்போகவில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா, ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது" என்றேன். அவருக்கு அது விளங்கவே இல்லை. எப்படி விளங்கும்?

சரி, அதை ஓடவைத்தோம். கையகலக் கணினி ஒன்றை அவர் வீட்டு நெட்வொர்க்கில் வைத்து, அந்தப் பழைய சர்வரைத் தேடிப் போகும் கேள்விகளை இதன் பக்கம் திருப்பிவிட்டு, பட்டியலை நாங்களே எழுதிக் கொடுத்தோம். இப்படிச் செய்வதற்கான மென்பொருளை யாரோ ஒரு ஆர்வலர் இலவசமாக எழுதி வைத்திருந்ததால்தான் இதுவும் முடிந்தது. ஒரு முழு மதியம் போனது. நெட்வொர்க் செட்டிங் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாத வீட்டில் இதே ரேடியோ நேராகக் குப்பைக்குப் போயிருக்கும். அப்படிப் போவதை மின்னணுக் குப்பை முகாமில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்: பிளாஸ்டிக் மேல் ஒரு கீறல்கூட இல்லாத பொருள்கள், குவியலாக.

ரேடியோவாவது அலமாரியில் கிடக்கும் பொருள். தெருவில் ஓடும் வண்டிக்கே இந்த நிலை வந்ததை நெதர்லாந்தில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். ஆம்ஸ்டர்டாமின் வான்மூஃப் நிறுவனம் ஜூலை 2023ல் திவாலானது. 2,000 யூரோவுக்கு மேல் கொடுத்து அதன் மின்சைக்கிளை வாங்கியவர்கள் ஏராளம். அந்த சைக்கிளும் கைபேசியும் புளூடூத் வழியாகப் பேசிக்கொள்ளும்; அந்தப் பேச்சைப் பூட்டும் ரகசியச் சாவி, அதாவது ஒரு டிஜிட்டல் குறியீடு, ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனி. சாவி இருந்தது நிறுவனத்தின் சர்வரில். செயலியில் உள்நுழையும்போது சாவி போனுக்கு இறங்கும். சர்வர் நின்றுவிட்டால், அதன் பிறகு போனை மாற்றுபவருக்குச் சாவி கிடைக்காது. பூட்டையோ விளக்கையோ மோட்டாரின் வேகத்தையோ செயலியிலிருந்து மாற்ற முடியாது. அந்த வாரம் எங்கள் ஊர் ஆட்கள் தங்கள் சாவியைத் தாங்களே பதிவிறக்கி வைத்துக்கொள்ள அலைந்தார்கள். கைகொடுத்தது யார் தெரியுமா? போட்டி நிறுவனம். பிரஸ்ஸல்ஸில், உங்கள் ஊரில் இருக்கும் கௌபாய் நிறுவனத்தின் பொறியாளர்கள், சர்வர் உயிரோடு இருக்கும்போதே சாவியை எடுத்துப் பத்திரப்படுத்தும் செயலி ஒன்றை அவசரமாக எழுதி வெளியிட்டார்கள். பிறகு வேறொரு நிறுவனம் வான்மூஃபை வாங்கியதால் சர்வரும் தப்பியது. ஆனால் ஒருவர் காசு கொடுத்து வாங்கிய சைக்கிளின் சாவி அவர் கைக்கு வர போட்டி நிறுவனத்தின் நல்ல மனசை நம்பியிருக்க வேண்டுமா? சட்டம் அங்கே எங்கே இருந்தது?

பெரிய நிறுவனங்கள் திவாலாவதில்லை, ஆர்வம் இழக்கின்றன. கூகுள், வீட்டின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தன் முதல் இரண்டு தலைமுறை நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகளுக்கு அக்டோபர் 25, 2025 அன்று ஆதரவை நிறுத்தியது. ஐரோப்பாவுக்கென 2014ல் வந்த மாடலும் அதில் அடக்கம். சுவரில் இருக்கும் வட்டத்தைக் கையால் திருப்பலாம். செயலி வழியாக வேலை செய்வது நின்றுபோனது. எந்த வசதிக்காகக் கூடுதல் காசு கொடுத்து வாங்கினார்களோ அதுவே இல்லை. கூடவே, ஐரோப்பாவில் புதிய நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகள் இனி வராது என்றும் சொல்லிவிட்டார்கள். வீட்டின் ஹீட்டிங் பாய்லர் 15 ஆண்டு உழைக்கிறது, அதை ஆட்டிவைக்கும் சிறு வட்டம் அதற்கு முன்பே ஓய்வுபெறுகிறது.

இதைத் தவிர்க்கவே முடியாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நல்லபடியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2012ல் வந்த பிலிப்ஸ் ஹியூ விளக்குகளின் முதல் வட்டப் பிரிட்ஜுக்கு, அதாவது விளக்குகளை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் சிறு பெட்டிக்கு, ஏப்ரல் 2020ல் இணைய சேவையை நிறுத்தினார்கள். வெளியூரிலிருந்து விளக்கைப் போட முடியாமல் போனது, உண்மைதான். ஆனால் வீட்டுக்குள் விளக்குகள் எப்போதும்போல எரிந்தன. ஏனென்றால் போன் வீட்டு வைஃபை வழியாக நேராகப் பிரிட்ஜோடு பேசும், பிரிட்ஜ் ஜிக்பீ என்ற குறுந்தூர ரேடியோ வழியாக விளக்குகளோடு பேசும். நடுவில் எந்த சர்வரும் தேவையில்லாதபடி ஆரம்பத்திலேயே வடிவமைத்திருந்தார்கள். இதை நான் எங்கள் ஊர்ப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வேன். பிலிப்ஸ் பிறந்தது 1891ல் இதே ஐந்தோவனில்தான். 1963ல் அவர்கள் கொண்டுவந்த கேசட்டை உரிமத் தொகை இல்லாமல் மற்ற நிறுவனங்களும் தயாரிக்க விட்டார்கள். அதனால்தான் அன்று பதிவுசெய்த கேசட்டை இன்று எந்த நிறுவனத்தின் டெக்கில் போட்டாலும் பாடுகிறது.

போஸ் நிறுவனத்தின் சவுண்ட்டச் ஸ்பீக்கர்களையும் பாருங்கள். கிளவுட் சேவையை நிறுத்தப்போவதாக அக்டோபர் 2025ல் அறிவித்தார்கள். வாங்கியவர்கள் கொந்தளித்தார்கள். அதன் பிறகு மற்ற மென்பொருள்கள் ஸ்பீக்கரோடு பேசும் முறையான ஏபிஐயின் ஆவணங்களைப் பொதுவில் வெளியிட்டார்கள், வீட்டு நெட்வொர்க்கில் தொடர்ந்து இயங்கும் வழியையும் வைத்தார்கள். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதை முதல்நாளே செய்திருந்தால் அத்தனை பேர் அலறியிருக்க வேண்டியதில்லை. இன்னும் பழைய கதை ஒன்று: பாரிஸில் 2005ல் வந்த நபாஸ்டாக், காதை ஆட்டி வானிலை சொல்லும் வெள்ளை முயல். 2011ல் சர்வர் நின்றது, முயல்கள் ஊமையாயின. எட்டு வருஷம் கழித்து, அதை உருவாக்கியவர்களில் ஒருவரே ரசிகர்களின் நன்கொடையோடு ராஸ்பெரி பை என்ற சிறு கணினி வைத்த புதுச் சர்க்யூட் போர்டு ஒன்றைச் செய்து மறுபடி காதை ஆடவைத்தார். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனால் எல்லாப் பொருளுக்கும் இப்படி ஒரு பாசக்காரர் அமைய மாட்டார்.

சட்டத்தில் இதற்கு வழி இல்லையா என்று தேடிப் பார்த்தேன். பக்கத்தில் வருகிறது, தொடாமல் போய்விடுகிறது. 2019ல் வந்த பொருள் விற்பனை நெறிமுறை, நுகர்வோர் நியாயமாக எதிர்பார்க்கும் காலம்வரை அப்டேட் தர வேண்டும் என்கிறது. நியாயமான காலம் எத்தனை ஆண்டு? தெர்மோஸ்டாட்டுக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்றா? அதை நீதிமன்றத்தில் போய் அளந்துபார்க்க எந்தக் குடும்பத்துக்கு நேரம் இருக்கிறது? டிசம்பர் 11, 2027 முதல் முழுமையாக நடைமுறைக்கு வரும் சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட் என்ற இணையப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டு ஆதரவு கேட்கிறது, நல்லது. ஆனால் அது பேசுவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதைப் பற்றி. ஓட்டையே இல்லாத பொருள் ஒன்று சர்வர் நின்றதால் செத்துக் கிடந்தால் அந்தச் சட்டத்துக்கு அது ஒரு பிரச்சினையே கிடையாது. வாஷிங் மெஷினுக்கு 10 ஆண்டுவரை உதிரிபாகம் வைத்திருக்க வேண்டும் என்று 2021லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் நீங்கள். கதவின் ரப்பர் 10 ஆண்டுவரை கிடைக்கும். அதே மெஷினின் செயலிக்கு எத்தனை ஆண்டு என்று கடைக்காரருக்கே தெரியாது.

நான் கேட்பது முதலில் ஒரு தேதி. இணையத்தை நம்பி ஓடும் எந்தப் பொருளாக இருந்தாலும், பெட்டியின் முன்பக்கத்தில், விலைக்குப் பக்கத்தில், "இந்தப் பொருளின் சேவை குறைந்தது இந்த ஆண்டுவரை இருக்கும்" என்று அச்சிட வேண்டும். பாதுகாப்பு அப்டேட் எவ்வளவு காலம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என ஏப்ரல் 2024 முதல் பிரிட்டன் கேட்கிறது. நீங்கள் அதைவிட ஒரு படி மேலே போங்கள்: செயலிக்கும் சர்வருக்கும் சேர்த்துத் தேதி கேளுங்கள். இப்போது கைபேசிப் பெட்டியில் ஒட்டும் லேபிளில் பேட்டரி, கீழே விழுந்தால் தாங்குமா என்ற விவரம், தண்ணீர் புகுமா என்ற விவரம் எல்லாம் இருக்கின்றன. இந்தத் தேதிக்கும் அதில் இடம் இருக்கிறது. தேதி கண்ணில் பட்டால் மூன்று ஆண்டு சொல்பவருக்கும் பத்து ஆண்டு சொல்பவருக்கும் நடுவே மக்கள் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். சொன்ன தேதிக்கு முன்பே நிறுத்தினால் மீதிக் காலத்துக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

இரண்டாவது கோரிக்கைதான் எனக்கு உயிர். ஒரு பொருளின் அடிப்படை வேலை நிறுவனத்தின் சர்வர் இல்லாமலே வீட்டு நெட்வொர்க்குக்குள் நடக்க வேண்டும். விளக்கு எரிய, ஹீட்டர் சூடாக, பூட்டு திறக்க, ரேடியோ பாட எதற்கு இன்னொருவரின் அனுமதி? குரல் உதவியாளர், வெளியூரிலிருந்து கேமரா பார்ப்பது போன்றவற்றுக்கு சர்வர் தேவை என்பது புரிகிறது. அவற்றைக் கூடுதல் சேவையாக வைத்துக்கொள்ளட்டும். இதெல்லாம் கனவு என்று சொல்ல முடியாது. ஸ்மார்ட் வீட்டுப் பொருள்களுக்காக 2022ல் வந்த மேட்டர் என்ற தரநிலை, பொருள்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் நேரடியாகப் பேசும்படியே எழுதப்பட்டிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் எல்லாம் அதில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன.

சேவையை நிறுத்தும் நாளில் பொருளின் சாவியும் அதனோடு பேசும் முறையின் ஆவணமும் வாங்கியவர்களுக்குக் கிடைக்க வேண்டும். திவாலாகும் நிறுவனத்துக்கு அன்றைக்கு இதைச் செய்ய ஆளும் இருக்காது, பணமும் இருக்காது. ஆகவே பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும்போதே ஒரு பொதுவான இடத்தில் இவற்றை ஒப்படைத்து வைக்கச் சொல்லுங்கள். வான்மூஃப் விவகாரத்துக்குப் பிறகு இது தேவையா என்று கேட்க யாருக்கும் வாய் வரக்கூடாது.

எதிர்ப்புகள் எனக்குத் தெரியும். அப்டேட் இல்லாத பழைய பொருளை நெட்வொர்க்கில் விட்டால் ஹேக்கர்களுக்குக் கதவு திறந்த மாதிரி என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது, நானும் கவலைப்படுகிறேன். ஆனால் வீட்டுக்குள் மட்டும் இயங்கக்கூடிய பொருளுக்கு வெளி இணையத்தையே ரவுட்டரில் அடைத்துவிடலாம். வெளியே போய்த்தான் ஆகவேண்டும் என்று வடிவமைத்த பொருளுக்கு அந்தப் பாதுகாப்பைக்கூடக் கொடுக்க முடியாது. ஆக, பாதுகாப்பு என்ற காரணமே என் கோரிக்கையின் பக்கம் நிற்கிறது. சின்ன நிறுவனங்களுக்குச் செலவு என்பார்கள். பாதியில் மாற்றினால் செலவுதான். வரைபடம் போடும்போதே முடிவு செய்தால், மாதாமாதம் சர்வருக்குக் கட்டும் வாடகை அவர்களுக்கே குறையும்.

மக்கள் ஆதரவு இருக்கிறதா என்ற சந்தேகமும் வேண்டாம். விற்ற வீடியோ கேமை நிறுவனம் நினைத்த நாளில் செயலிழக்கச் செய்வதை நிறுத்துங்கள் என்று கேட்ட குடிமக்கள் முன்முயற்சி மனு 2025ல் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது, பிறகு உங்கள் மேசைக்கும் வந்தது. கையெழுத்துப் போட்டவர்களின் வாதமும் என் வாதமும் ஒன்றுதான். கேமுக்குப் பொருந்துவது வீட்டின் ஹீட்டருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

இணைய நுகர்வோரைப் பாதுகாக்க நீங்கள் தயாரித்துவரும் டிஜிட்டல் நியாயச் சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவு வையுங்கள். அதற்குள் அடங்காது என்று உங்கள் சட்ட வல்லுநர்கள் சொன்னால், 2024ல் நடைமுறைக்கு வந்த நீடித்த பொருள்களுக்கான ஈகோடிசைன் (சூழலுக்கேற்ற வடிவமைப்பு) ஒழுங்குமுறை இருக்கவே இருக்கிறது. ஏப்ரல் 2025ல் நீங்கள் வெளியிட்ட அதன் செயல்திட்டத்தில், மின்னணுப் பொருள்களைப் பழுதுபார்ப்பது குறித்த பொது விதிகள் இடம்பெற்றிருக்கின்றன. திருகாணியும் உதிரிபாகமும் பழுதுபார்ப்பில் அடங்கும் என்றால் சாவியும் சர்வர் முகவரியும் அடங்கத்தான் வேண்டும். அந்த விதிகளை வரையும்போது நிறுவனங்களின் பிரதிநிதிகளோடு ரிப்பேர் கஃபே தன்னார்வலர்களையும் அழைத்துப் பேசுங்கள். எங்கள் மேசைகளில் எந்தப் பொருள் எந்தக் காரணத்துக்காகத் திரும்பிப் போகிறது என்ற குறிப்பு பல ஊர்களில் இருக்கிறது, கேட்டால் தருவோம். கூட்டம் பிரஸ்ஸல்ஸில் என்றாலும் பரவாயில்லை, ஐந்தோவனிலிருந்து ரயிலில் வந்துவிடுவேன்.

அன்புடன்,
ஐந்தோவனில் வசிக்கும் ஒரு தமிழர்